சேலை மறைப்புக்குள் பதினாறு நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த விவசாயப் போதனாசிரியர்கள் அவ்வப்போது என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள், என் கத்தரிக் கன்றுகளைப் பார்ப்பார்கள், பிறகு கொப்பியை விரித்துவைத்து, காய் பறிப்பதைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "சேர், மருந்தடிச்சு எத்தினை நாளாலை ஆயலாம்?" நான் ஒரு எண்ணைச் சொன்னால் எழுதிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடலாம் என்ற அவசரம் முகத்தில் அப்படியே தெரியும். எனக்குக் கோபம் வருவதில்லை. கொஞ்சம் எரிச்சல் வரும். அந்த எண் போத்தலிலேயே அச்சடித்துக் கிடக்கிறது, பிள்ளைகளே. அதை வாசித்துக் காட்டுவதற்காக அரசாங்கம் உங்களுக்கு மோட்டார் சைக்கிளும் சம்பளமும் தரத் தேவையில்லை.

நான் முப்பத்தொரு வருடம் தீவுப்பகுதியில் வேலை செய்தவன். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நெடுந்தீவுக்குப் போய்வரும் நாட்களில் வள்ளத்தால் இறங்கும்போது மனிதன் பாதி, உப்பு பாதி. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஓய்வூதியம் வருகிறது, காலில் கொஞ்சம் வலி இருக்கிறது, கிணற்றில் இன்னும் நல்ல தண்ணீர் இருக்கிறது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் என் மூக்கு உடைபட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

பெரிய கதைக்கு முன்னால் ஒரு சின்னக் கதை வேண்டும். வேலைக்கு வந்த முதல் வருடம், புங்குடுதீவு மடத்துவெளியில் ஒருவர் பயற்றங்காய்க்கு மருந்தடித்திருந்தார். இரவு முழுவதும் மழை. காலையில் என்னைக் கண்டு, ஆயலாமோ என்று கேட்டார். "மழை கழுவிக்கொண்டு போயிருக்கும், ஆயுங்கோ," என்றேன். பெரிய மனிதர் மாதிரிக் கையை வேறு ஆட்டினேன். பின்னேரம் கந்தோரில் என் மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னபோது, என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடிவைத்தார். "அது இலையிலை ஒட்டிக்கொண்டு இருக்கிற சாதியில்லை. சாற்றோடை செடிக்குள்ளை ஏறுற சாதி. மழை என்ன, பயற்றங்காய்க்குள்ளை இறங்கிக் கழுவுமோ? நீர் இப்பவே போம்."

போனேன். நல்லகாலம், அந்த மனிதர் பனங்கிழங்கு கிண்டுவதில் மினக்கெட்டு, பயற்றங்காயைத் தொடவே இல்லை. அன்றுதான் இரண்டு சாதியையும் சரியாகப் படித்தேன். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மருந்தை வெய்யிலும் காற்றும் பனியும் மழையும் தின்று தீர்க்கும். உள்ளே ஏறிய மருந்தைச் செடிதான் தின்று தீர்க்க வேண்டும். செடி வளர வளர அது ஐதாகிக் குறையும், செடி வாடி நின்றால் அதுவும் நின்றுவிடும். இதைக் கொப்பியில் எழுதி, கீழே சிவப்பு மையால் இரண்டு கோடும் போட்டேன். இனி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இனிப் பெரிய கதை. வேலணையில் சிவமலர் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துப் பஸ் போகும் றோட்டுக் கரையில் அவருடைய தோட்டம். நான் பார்த்த விவசாயிகளில் சொன்ன சொல்லைத் தட்டாத ஒரே ஆள் அவர்தான். மருந்தடித்த நாளை நாட்காட்டியில் வட்டமிடுவார். எத்தனை மூடி ஊற்றினார் என்பதும் அதற்குள்ளேயே இருக்கும். மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும்போதெல்லாம், "சிவமலர் அக்காவைப் பாருங்கோ," என்பேன். அதனால் அவருக்கு ஊரில் எவ்வளவு பகை வந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் அவருடைய மனுசன் செல்வராசா அண்ணைக்கு நெஞ்சில் சத்திர சிகிச்சை நடந்தது. ஆள் தப்புமோ தப்பாதோ என்ற நிலை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அக்கா ஊர் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். மனுசன் எழும்பி நடந்தால், தேர் நாள் அன்னதானத்துக்கு வேண்டிய கத்தரிக்காய் முழுவதும் தன் கையால் வரும் என்று. அண்ணை எழும்பினார், நடந்தார், வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு அக்காவின் தோட்ட வேலையில் பிழை பிடிக்கவும் தொடங்கினார். அக்கா அறுபது கன்று நட்டார்.

எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு நேர்ந்த காயை யாரும் தொடமாட்டார்கள். முதல் பலாப்பழமோ வாழைக்குலையோ எதுவானாலும் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டால் சரி, வீட்டுப் பிள்ளைகூடக் கை வைக்காது. ருசி பார்ப்பதும் இல்லை. அக்காவின் அறுபது கன்றும் அப்படித்தான் நின்றன. ஆனால் காய் துளைக்கும் புழுவுக்கு இந்த ஒழுங்கெல்லாம் தெரியாதே. பிஞ்சு பிடித்ததும் அதுவும் வந்துவிட்டது. அக்கா ஓடிவந்தார். "சேர், அம்மனுக்குப் புழுக் குத்தின காய் குடுக்க ஏலாது. என்ன செய்யிறது?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். உள்ளே ஏறும் சாதி வேண்டாம், மேலே ஒட்டும் சாதியில் ஒன்றை ஒரே ஒரு தடவை அடியுங்கோ, பதினாலு நாளைக்குப் பிறகு ஆயலாம், தேருக்கு இன்னும் பதினேழு நாள் கிடக்கு, பயப்பிடாதேங்கோ என்றேன். அக்கா அன்று பின்னேரமே அடித்து, நாட்காட்டியில் வட்டமும் போட்டுவிட்டார். இதுவரை எல்லாம் சரி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் போனபோது தோட்டத்தில் கத்தரிக் கன்றைக் காணவில்லை. பழைய சேலைகள்தான் தெரிந்தன. தடி நட்டு, பக்கங்களில் சேலை கட்டி, மேலே பனையோலை பரவி, அறுபது கன்றையும் கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி மூடி வைத்திருந்தார்.

"இதென்ன அக்கா, கத்தரிக்காய்க்குச் சாமத்தியச் சடங்கோ?" என்றேன்.

"சிரிக்காதேங்கோ சேர். பஸ்ஸிலை போற வாற சனம் எல்லாம் எட்டி எட்டிப் பாக்குது. நேத்து ஒருத்தி, ஐயோ என்ன காய் எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டுப் போறாள். நாவூறு பட்டால் ஒரு காய் மிஞ்சாது."

செல்வராசா அண்ணை கதிரையில் இருந்தபடி, "எனக்கு ஒப்பரேசன் செய்யேக்குள்ளைகூட இவ்வளவு மறைப்புக் கட்டேல்லை, தம்பி," என்றார். மூவரும் சிரித்தோம். நானோ அதோடு விடாமல், "நல்லதுதான், கிளியும் வராது," என்று சான்றிதழும் கொடுத்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் விளங்கியது. இருபது வருடத்துக்கு முன்னால் சிவப்புக் கோடு போட்டவனுக்கு, அந்தக் கோட்டுக்கு மேலே வெய்யில், காற்று, பனி, மழை என்று எழுதியிருந்தது ஞாபகம் வரவில்லை.

தேருக்கு முதல் நாள் காலை ஒன்பது மணிக்குப் படம் எடுக்கப் போனேன். பதினான்கு நாள் காத்திருந்து, கணக்காக ஆய்ந்த காய் என்று கந்தோர்ப் பலகையில் ஒட்டுவதற்கு. அக்கா முழுகி, ஈரத் தலையோடு நின்றார். புதுப் பனையோலைக் கடகம் ஐந்து வரிசையாக இருந்தன. மறைப்பைத் திறக்கும் மரியாதையை எனக்கே தந்தார். சேலையைத் தூக்கினேன்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. அடித்த அன்று வரும் மணம் அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். காய்கள் ஒவ்வொன்றும் எண்ணெய் பூசியதுபோல மினுமினுத்தன, ஒரு குத்துக்கூட இல்லை. காம்பைச் சுற்றி வெள்ளைப் படிவு அப்படியே கிடந்தது. இலையைத் திருப்பினேன். சாறு உறிஞ்சும் வெண்ணீ ஒன்று இல்லை, எறும்பு இல்லை, சிலந்தி வலை ஒன்றுகூட இல்லை. நிழலும் குளிருமாக இருக்கும் கத்தரிக் கன்றில் பதினாறு நாளுக்குள் ஒன்றுமே குடிவரவில்லை என்றால், அங்கே குடியிருக்க ஏலாத ஏதோ இன்னும் இருக்கிறது.

வரிசையின் தெற்குக் கோடியில் சோளகக் காற்று ஒரு சேலையைக் கிழித்து எறிந்திருந்தது. அது இரண்டாம் நாளே கிழிந்துபோனதாம், அந்த எட்டுக் கன்றையும் அக்கா பிறகு மூடவில்லை. அங்கே போனேன். படிவு இல்லை, மணம் இல்லை. இலையெல்லாம் புள்ளி வண்டின் மஞ்சள் புழுக்கள் மேய்ந்து சல்லடையாக்கியிருந்தன. காயில் இரண்டொரு குத்தும் இருந்தது. ஒரே நாள், ஒரே கை, ஒரே மருந்து. இங்கே வெய்யில் அதைத் தின்று முடித்துவிட்டது. அங்கே வெய்யிலை நாங்கள் மறித்துவிட்டோம்.

"என்ன சேர், ஆயத் தொடங்கட்டோ?" என்றார் அக்கா.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ," என்றேன்.

ஆய்வுகூடத்தில் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். காயை அனுப்பினால் மறுமொழி வர மூன்று கிழமையாவது ஆகும் என்றார். தேரோ அடுத்த நாள். என் சாப்பாட்டுப் பெட்டியின் தட்டு இரண்டையும் கழுவித் துடைத்தேன். ஒன்றில் மறைப்புக்குள் இருந்த இலை, மற்றதில் வெளியில் நின்ற இலை. வெளிக் கன்றில் இருந்து எட்டு மஞ்சள் புழுவைப் பிடித்து, தட்டுக்கு நாலாக விட்டேன். பிறகு செல்வராசா அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து வெறும் தேத்தண்ணி குடித்தேன்.

ஒரு மணித்தியாலம் தேவைப்படவில்லை. முக்கால் மணிக்குள் வெளி இலையில் நாலும் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தன. மற்றத் தட்டில் நாலும் மல்லாந்து கிடந்தன. அக்கா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கள் சொன்ன நாளைத்தானே எண்ணினனான்," என்றார்.

"ஓம் அக்கா. நீங்கள் எண்ணினது சரி. அந்த நாள் எல்லாம் வெய்யில் பட்ட நாளாய் இருக்கவேணும். நீங்கள் மூடிக் கிடந்ததை நான் கண்டனான். அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். பிழை என்ரை."

"கழுவினால்?"

"கொஞ்சம் போகும். எவ்வளவு போகும் எண்டு எனக்குத் தெரியாது."

"அவிச்சால்?"

"அதுவும் தெரியாது அக்கா."

அப்போது ஒரு பொய் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். பதினான்கு நாள் என்று போத்தல் சொல்கிறது, பதினாறு நாளாகிவிட்டது. நான் தலையை ஆட்டியிருந்தால் யாரும் என்னைக் கேட்க ஏலாது. புழு செத்தது இலையில், சனம் தின்னப்போவது காயை. புழுவைக் கொல்லும் அளவு மனிதனை ஒன்றும் செய்யாது என்று சொல்லவும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நாளைக்கு அந்தப் பந்தியில் கைக்குழந்தைக்கு ஊட்டும் தாய் இருப்பாள், பிள்ளைத்தாச்சி இருப்பாள், செல்வராசா அண்ணையும் இருப்பார். எனக்குத் தெரியாது என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே உண்மை. அதனால், "இந்தக் காய் வேண்டாம்," என்றேன்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மண்ணில் குந்தி இருந்துவிட்டார். "அண்டைக்கு ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டு சொன்னனான் தம்பி. முழுக்க என்ரை கையாலை எண்டு சொன்னனான்." எப்போதும் சேர் என்று அழைப்பவர் தம்பி என்றார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புதுக் கடகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியில் நின்ற எட்டுக் கன்றிலும் ஆய்ந்தால் அரைக் கடகம் வரும். அன்னதானத்துக்கு ஐந்து கடகம் வேண்டும். சந்தையில் வாங்கித் தருகிறேன் என்று வாயெடுத்தேன். சந்தைக் காயில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வாயை மூடினேன்.

செல்வராசா அண்ணைதான் கதைத்தார். "கையாலை எண்டுதானே சொன்னனீ. தோட்டத்தாலை எண்டு சொன்னனீயோ?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு எழும்பி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "மடிப்பிச்சை எடுக்கிறன்," என்றார்.

கையில் இல்லாத காலத்தில் எங்கள் சனம் நேர்த்தியை இப்படித்தான் தீர்க்கும். வீடு வீடாகப் போய் மடியை ஏந்தி, அம்மன் பேரில் கேட்டு வாங்கிக் கொடுப்பது. வசதி வந்த பிறகு ஊரில் அதைச் செய்ய ஆட்களுக்கு வெட்கம். அக்காவின் குடும்பம் காணி பூமி உள்ள குடும்பம், யாரிடமும் கையேந்தாதவர்கள். அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பாரம் கட்டுவதற்கு ஒரு துணி வேண்டுமென்று மறைப்பில் இருந்த சேலை ஒன்றை அவர் அவிழ்க்கப் போனார். "அந்தச் சேலை வேண்டாம் அக்கா, அதிலையும் கிடக்கு," என்று தடுத்தேன். உள்ளே போய் அலுமாரியில் இருந்து ஒரு நூல் சேலையைக் கொண்டுவந்தார்.

அவர் முன்னால் நடந்தார். நான் கடகங்களோடு பின்னால் போனேன். மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டேன், பிச்சைக்கு மோட்டார் சைக்கிளில் போவது அழகில்லை. முதல் வீட்டிலேயே விசயம் வெளிவந்துவிட்டது. அந்த வீட்டுக்காரி என்னைக் கண்டதும் முழித்தாள். "அக்கா, கத்தரிக்காய் தோட்டத்திலை கிடக்கு, ஆனால் இவர் முந்தநாள்தான் மருந்தடிச்சவர்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பின்வளவுக்கை எங்கடை குசினிக்கெண்டு நாலு கண்டு நிக்குது. அடிக்கிறேல்லை. புழுக் குத்தினது, கோயிலுக்குக் குடுக்க வெக்கமாய்க் கிடக்கு."

"அதைத்தான் பிள்ளை கேட்டு வந்தனான்," என்றார் அக்கா.

இரண்டாம் வீட்டிலும் பின்வளவில் நாலு கன்று. மூன்றாம் வீட்டிலும் அதேதான். சந்தைக்கு ஒரு கத்தரி, வீட்டுக்கு ஒரு கத்தரி. இது எனக்கு முன்பே தெரியும், பிள்ளைகளே. உத்தியோகத்தரைக் கண்டால் பின்வளவுப் பக்கம் கூட்டிப்போகமாட்டார்கள், நானும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அன்று ஊர் முழுவதும் பின்வளவாலேயே நடந்தோம். நாரந்தனைப் பக்கம் திரும்பும்போது மூன்று கடகம் நிறைந்துவிட்டது. கேட்டவர் மருந்துக் கணக்கு எழுதும் சிவமலர் அக்கா என்பதால் சிலருக்கு உள்ளூரச் சந்தோசமும் இருந்தது. அக்கா அதையும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். வெய்யில் சாயும் முன் ஐந்து கடகமும் நிறைந்தது.

அன்னதான மடத்துச் சமையல் அண்ணையைச் சமாதானப்படுத்துவதுதான் மிச்ச வேலை. இருபது வருடமாக மடத்துச் சமையல் கிடாரங்களை ஆளும் மனிதர். ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சேர், உதென்ன? அம்மனுக்குப் புழுவோ?"

நான் விளக்கத் தொடங்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "அண்ணை, புழு திண்டு சாகேல்லை. அதாலைதான் சனத்துக்குக் குடுக்கிறன். குத்தினதை வெட்டி எறியுங்கோ, மிச்சம் நல்லது."

சமையல் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்ப வெட்டுறதுக்கு இன்னும் நாலு பேர் தேவை," என்று முணுமுணுத்துக்கொண்டு கத்தியை எடுத்தார். அடுத்த நாள் மூன்று பந்தி நடந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி இரண்டாம் பந்தியோடு முடிந்து, மூன்றாம் பந்திக்காரர் பூசணியோடு சமாளித்தார்கள். செல்வராசா அண்ணை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். அக்கா கடைசியாக இருந்து சாப்பிட்டார். அப்போதுதான் அழுதார்.

மறைப்புக்குள் இருந்த காய்களில் கொஞ்சத்தை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். மிச்சத்தைக் கிணற்றுக்குத் தூரத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். நேர்ந்த காயைப் புதைக்கும்போது அக்கா ஒரு கற்பூரம் கொளுத்தினார். நான் சேலைகளை அவிழ்த்து, ஓலையை இழுத்துப் போட்டேன். கன்றுகள் வெய்யிலைக் கண்டன. ஒரு கிழமையில் வண்டும் வந்தது, வெண்ணீயும் வந்தது. அதைக் கண்டு சந்தோசப்பட்ட விவசாய உத்தியோகத்தர் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று கிழமை என்றது ஐந்து கிழமையாகிக் கடிதம் வந்தது. காயில் மருந்தின் மிச்சம் இருக்கிறது, ஆனால் அனுமதித்த எல்லைக்குச் சற்றுக் கீழே. இரண்டு தரம் வாசித்தேன். அப்படியென்றால், கடிதத்தின்படி அந்தக் காயைச் சமைத்திருக்கலாம். ஒரு பெண்ணை ஊரெல்லாம் மடியேந்த வைத்தது வீண் வேலை. இங்கிருந்து பஸ்ஸில் ஏறி, வெக்கையில் கிடந்து, அங்கே பெட்டி உடைக்கும்வரை காயில் மருந்து குறைந்திருக்கும் என்று எனக்கு ஒரு சாட்டு இருந்தது. உண்மையான சாட்டுத்தான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா வாசித்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அண்டைக்கு இந்தக் கடிதம் உங்களிட்டை இருந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப என்ன? நாலு புழு செத்தது. அதுதானே இருந்தது." கடிதத்தை மடித்து, நாட்காட்டியின் ஆணியில் குத்திவைத்தார். "ஆனால் சேர், ஐஞ்சாம் நாள் சிரிச்சியளே, அதைத்தான் நான் மறக்கமாட்டன்."

அதை நானும் மறக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல வந்ததும் அதைத்தான். நெருக்கடி வந்த நாளில் நான் நடந்துகொண்டது எனக்குப் பெரிய மனக்கவலை தருவதில்லை. நெருக்கடி என்று வந்துவிட்டால் யாரும் கண்ணை விரித்துத்தான் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள், எல்லாம் சரியாக இருந்த நாள், சேலையைக் கண்டு பகிடி விட்டுவிட்டுப் போனேனே, அங்கேதான் வேலையில் கோட்டை விட்டேன். எண் சரியாக இருந்தது. அதனால் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் கோயிலில் தேர் நாள் கத்தரிக்காய் மடிப்பிச்சையாகத்தான் வருகிறது. சிவமலர் அக்காதான் முன்னுக்கு நடப்பார், இப்போது இன்னும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துகொள்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இந்த வருடம் நானும் ஒரு கடகம் கொண்டுபோனேன். ஓய்வுக்குப் பிறகு வைத்த கன்றுகள், மருந்தே காணாதவை. நுளம்பு வலையால் மூடி வளர்த்ததால் ஒரு குத்தும் இல்லை. கொஞ்சம் பெருமையோடுதான் இறக்கி வைத்தேன். சமையல் அண்ணை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடகத்தை என் பக்கம் தள்ளினார். "ஓட்டை இல்லை. உது வேண்டாம் சேர்."

"அண்ணை, நான் மருந்தே அடிக்கிறேல்லை."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லினம்," என்றார். முன்பு நான் போத்தலைப் பார்த்தேன், இப்போது அவர் ஓட்டையைப் பார்க்கிறார். இதை யாரிடம் போய் முறையிடுவது?

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சிவமலர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தார். காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூடி வளத்தனீங்களோ?"

"வலை, அக்கா. வெறும் வலை."

"வாங்கோ பாப்பம்," என்றார். துருவிய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு, கோயிலில் இருந்து கால் மைல் என் வீட்டுக்கு நடந்து வந்தார். முழந்தாளிட்டு, வலையைத் தூக்கி, உள்ளே தலையை விட்டார். முதலில் மோந்து பார்த்தார். இலையொன்றைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். நான் பரீட்சை எழுதியவன்போலப் பக்கத்தில் நின்றேன். காம்போரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, இலைக்கு அடியில் வெண்ணீ நாலைந்து இருந்தது, மூலையில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. எத்தனை நாள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலைக்குள் இருந்து தலையை எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"உயிர் இருக்கு தம்பி. கிடக்கிற மிச்சத்தையும் ஆயுங்கோ," என்றார்.

நான் ஆய்ந்தேன். அவர் கடகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.